அன்றைக்கு எடுத்த அளவு

என் தம்பிக்கு விருது கொடுக்கப் போகிறார்கள் என்று முதலில் எனக்குச் சொன்னது, மயிலம் கூட்டுரோட்டில் பூ விற்கிற பெண்தான். கிருத்திகைக்குப் பூ வாங்கப் போயிருந்தேன். பூவை மடித்துக் கொடுப்பதற்கு முன்னால் பேப்பரை என் பக்கம் திருப்பிக் காட்டி, இது உங்க தம்பிதானே, மூக்கு அப்படியே உங்க மூக்கா இருக்குதே என்று சிரித்தாள். போட்டோவில் அவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கீழே போட்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் அவசரப்படுத்தாமல் விட்டால் எதையும் படித்துவிடுவேன். மீக்கடத்தி ஆராய்ச்சியில் வாழ்நாள் உழைப்புக்காக என்று இருந்தது. அப்படின்னா இன்னாம்மா என்று அவள் கேட்டாள். தடையில்லாமல் மின்சாரம் ஓடுகிற பொருள், அதை ரொம்பக் குளிர வைத்தால்தான் அப்படி ஓடும் என்று சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவனோடு நான் பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. இதில் என் வீட்டுக்காரருக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் தோன்றியது. செத்துப்போன மனிதருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், அதை முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது கெடாருக்குப் பக்கத்தில். வாழ்க்கைப்பட்டது மயிலத்துக்குக் கீழே ஒரு ஊரில். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் அதிகம். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் இடுப்பில் நிற்காத டவுசரைக் கையால் பிடித்துக்கொண்டு திரிகிறவன். அப்பா தவறிய பிறகு அவனுக்குத் திண்டிவனத்தில் காலேஜில் இடம் கிடைத்தது. கெடாரிலிருந்து தினம் போய்வர முடியாது. நம் வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று சொன்னது என் வீட்டுக்காரர்தான். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன். பிறந்த வீட்டுக்காகப் புருஷனிடம் வாய் திறந்து ஒன்று கேட்பது எனக்கு வராது.

எங்கள் கிணற்று மோட்டாரில் அடிக்கடி காயில், உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, எரிந்து போகும். அதைக் கழற்றி சைக்கிள் கேரியரில் கட்டி, திண்டிவனத்தில் காயில் கட்டுகிற கடைக்கு இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் கம்பியைச் சுற்றி முடிக்கிற வரைக்கும் தம்பி பக்கத்தில் குந்திக்கொண்டு பார்ப்பானாம். ஒருநாள் சாப்பிடும்போது அவன் சொன்னான், கம்பிக்குள்ளே மின்சாரம் முட்டி மோதித்தான் போகிறது, அந்த மோதலில்தான் சூடு வருகிறது, சூட்டில்தான் காயில் எரிகிறது என்று. முட்டாமல் மோதாமல் ஓடுகிற பொருள்களும் உலகத்தில் இருக்கின்றன, அவற்றைக் குளிர வைக்க வேண்டும், நம் ஊர் ஐஸ் எல்லாம் அதற்குக் கிட்டவே வராது, அப்படிப்பட்ட குளிர் என்றான்.

என் வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஊருக்கு கரண்டே வர மாட்டேங்குது மச்சான். வராத கரண்டு தடையில்லாம ஓடினா இன்னா, முட்டிக்கினு நின்னா இன்னா?" என்றார். தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு எப்போது கரண்ட் போனாலும், மச்சானோட ஆராய்ச்சி முடியட்டும், அப்புறம் வரும் என்பார்.

அங்கிருந்து அவன் மேலே மேலே படித்து, வெளிநாடு போய்வந்து, வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எத்தனையோ பெண் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இப்ப வேணாங்கா என்றான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அவனுக்கு வீடு என்றால் அது எங்கள் வீடு ஒன்றுதான்.

வந்தால் இரண்டு மூன்று நாள் இருப்பான். என்னோடு உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைத்துக்கொண்டே வேலையைப் பற்றிச் சொல்வான். பலூனில் அடைக்கிறார்களே ஹீலியம், அந்தக் காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால் கடைசியில் தண்ணீர் மாதிரி ஆகிவிடுமாம். அதை ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றி, அதற்குள்ளே தான் அளக்க வேண்டிய பொருளை இறக்குவானாம். நம் நாட்டில் அந்தக் காற்று கிடையாது, கப்பலில் வர வேண்டும். எல்லோருக்கும் முறை போட்டுத்தான் கொடுப்பார்கள், தன் முறை வர மாசக்கணக்கில் ஆகும் என்றான். ஊற்றிவிட்டால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், யாருக்காகவும் நிற்காது, அது தீர்வதற்குள் அளந்து முடிக்க வேண்டும். "ஊத்திட்டா எழுந்து வர முடியாதுக்கா. பாதியில வுட்டா அவ்ளோதான்" என்பான்.

இதனால் எத்தனையோ பொங்கலுக்கு அவன் வரவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த என் பெரிய மகனுக்குக் காது குத்தியபோது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வந்து இறங்கியது, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான். நான் பொருமினேன். என் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார். "ஏரித் தண்ணி மொற வந்தா நான் வூட்டுக்கு வர்றேனா? மடையிலதானே கெடக்கறேன்? அவனுக்கும் அது மாதிரிதான்" என்பார். அவர் அப்படிச் சொன்னால் என் பொருமல் அடங்கிவிடும். நானும் மடைக்குச் சோறு எடுத்துப் போனவள்தானே.

வேலையிலும் அவனுக்கு நிம்மதி இருக்கவில்லை. ஏதோ ஒரு புதுப் பொருளில் தடை அற்றுப்போவதைக் கண்டு எழுதியிருக்கிறான். வெளிநாட்டுக்காரர்கள் அதை நம்பவில்லை. எங்களுக்கு அப்படி வரவில்லையே, நீ தப்பாக அளந்திருப்பாய் என்று எழுதினார்களாம். அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள், இவன் அதே நாற்காலியில் இருந்தான். இதையெல்லாம் அவன் என்னிடம் சொல்ல மாட்டான், மாமா என்று அவன் கூப்பிடுகிற என் வீட்டுக்காரரிடம்தான் சொல்வான். இரண்டு பேரும் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். மறுபடி அளந்து காட்டுவான், நம்ம மச்சான் பொய் சொல்றவன் இல்லை என்று அவர் என்னிடம் வந்து சொல்வார். இவர் சொல்லி வெளிநாட்டுக்காரன் கேட்கப் போகிறானா என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் போனது கத்திரி வெயிலில். காலையில் கொல்லிக்கு, பயிரைப் பார்க்கப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பெரிய மகன் தூக்கிக்கொண்டு வந்தபோதே உயிர் இல்லை. அவனே தன் மாமனுக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தம்பி சொன்னது எனக்கும் கேட்டது. "நாளைக்குக் காலையில வந்துடுவேன்டா. எனக்காக நிறுத்தி வைங்க. நான் பாக்காம எடுத்துடாதீங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் புருஷன் இறந்தால், பிணத்தை எடுப்பதற்கு முன்னால் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ வந்து, பிணத்தின் மேல் வேட்டியைப் போர்த்தி, பெண்ணின் தோளில் சேலையைப் போட வேண்டும். உனக்குப் புருஷன் போனாலும் பிறந்த வீடு இருக்கிறது என்று ஊரறியச் சொல்வதுதான் அது. அந்தப் பெண்ணே இறந்தாலும் அவளுக்குக் கோடி பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லாதவளுக்குப் பங்காளி வீட்டில் ஒருவர் போடுவார். கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது பங்காளி போட்டால், கூடப் பிறந்தவன் இல்லை என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அவளுடைய நல்லது கெட்டதில் முதல் வெற்றிலை, முதல் மரியாதை எல்லாம் கோடி போட்டவருக்குத்தான்.

திண்டிவனத்திலிருந்து ஐஸ் பெட்டி கொண்டு வந்து அவரை அதில் வைத்தார்கள். கெடாரிலிருந்து என் பெரியப்பா மகன் வந்தார். எனக்கு அண்ணன் முறை. வெயிலில் வந்த களைப்போடு பெட்டியைத் தொட்டுப் பார்த்து, நல்லா குளுந்துகினு இருக்குது, மாப்பிள்ளைக்கு இனிமே வெயில் இல்ல என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் அழுதார். அவர் கையோடு கோடி கொண்டு வந்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. நான் பையைப் பார்த்துவிட்டேன். அது வேண்டாம், அவன் வருகிறான் என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் தம்பி வரவில்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது என்று வந்தது. ஊரில் ஒவ்வொருவராக வந்து பெரிய மகனின் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், அவன் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறான், எடுக்கக் கூடாது என்று. உச்சி வெயில் ஏறும்போது கரண்ட் போனது. எப்போது போனாலும் சிரிக்க ஒரு வார்த்தை சொல்கிறவர் பெட்டிக்குள்ளே இருந்தார். சாமியானாக் கடையிலிருந்து ஜெனரேட்டர் கொண்டு வந்தார்கள், அது கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுபோனது. பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கமாக நீர் கோத்துக்கொண்டது. நான் முந்தானையால் துடைத்தேன். வெளிப்பக்கம் துடைத்தால் உள்ளே இருப்பது போகுமா? அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

பெரியப்பா மகன் என் எதிரில் வந்து குந்தினார். மெதுவாகத்தான் சொன்னார். "தங்கச்சி, அவன் வரட்டும், நான் வேணாங்கல. ஆனா மாப்பிள்ளைய இந்த வெயில்ல வச்சிக்கினு இருக்கலாமா? நல்லா வாழ்ந்த மனுஷன்மா."

நான் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினேன். அவர் எழுந்து போய்ப் பையைப் பிரித்தார்.

சுடுகாட்டு மேட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, வீடு கழுவி, விளக்கு வைத்த பிறகு வாசலில் கார் வந்து நின்றது. தம்பி இறங்கினான். கையில் ஒரு துணிக்கடைப் பை. விலை கூடின சேலை என்று பார்த்தாலே தெரிந்தது. வாசலில் இருந்த பெண்கள், முடிஞ்சி போச்சுப்பா என்றார்கள். அவன் அப்படியே நின்றான். எப்படா கிளம்பினாய் என்று பெரியப்பா மகன் கேட்டார். இன்னைக்கு மத்தியானம்தான் என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். ஹீலியம் ஊற்றியிருந்தேன், முடித்துவிட்டு நேற்று ராத்திரி விமானத்துக்கே வந்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தோளில் வேறொருவர் போட்ட சேலை இருந்தது.

"அது யாருக்குக் கொண்டாந்த?" என்று கேட்டேன். அத்தோடு அவனிடம் பேச்சை விட்டேன்.

காரியத்துக்கு வந்தான், வெளியில் நின்றான், போனான். சின்ன மகன் கல்யாணத்தில் தாய்மாமன் முறையைப் பெரியப்பா மகன்தான் செய்தார். கோடி போட்டவருக்குத்தானே முறை. தம்பி வந்தான், நடு வரிசையில் உட்கார்ந்திருந்தான், மொய் எழுதினான், பந்தியில் சாப்பிட்டான். நான் எல்லோரையும் வாங்க என்று சொன்னது போல அவனையும் பார்த்துக் கை கூப்பினேன். மகன்கள் இரண்டு பேரும் இன்னாம்மா இது என்று என்னைப் பிடித்துக் கேட்டார்கள். நான் அப்படித்தான்.

பிறகு ஒரு வருஷமோ என்னவோ கழித்து, வெளிநாட்டில் ஒரு பெரிய கூட்டம் தம்பி சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சின்ன மகன் சொன்னான். விழுப்புரத்தில் ஆபீஸில் வேலை பார்க்கிறவன், போனில் எதையாவது படித்துக்கொண்டே இருப்பான். எப்போது அளந்ததை ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்டேன். அப்பா இறந்த வருஷத்தையொட்டித்தான் இருக்கும் என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஓகோ, அந்த நாள்தான் என்று நினைத்தேன். அவர் கண்ணாடிக்குள்ளே காத்துக்கொண்டு கிடந்த நேரத்தில், அங்கே இவன் அளந்திருக்கிறான். அதுதான் உலகம் ஒப்புக்கொண்ட அளவு.

அப்படி நினைத்த பிறகுதான் எனக்குச் சோறு உள்ளே இறங்கியது என்று சொன்னால் நம்புவார்களோ என்னவோ. அவர் சும்மா காக்கவில்லை. தண்ணீர் முறைக்கு மடையில் கிடந்த மாதிரி, மச்சானுக்காக ஒருநாள் கிடந்தார். இதை ஊரில் பலரிடம் சொன்னேன். திவசத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டவர்கள் எல்லாம், நல்ல ஆத்மா, செத்தும் கொடுத்தார் என்றார்கள். தம்பி மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் கோபத்துக்குள்ளே பெருமையும் சேர்ந்துகொண்டது. கடன்பட்டவன் அவன், கொடுத்தது நாங்கள் என்று.

விருதுச் செய்தி வந்த கொஞ்ச நாளில், அவன் படித்த காலேஜிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாராட்டு விழா வைத்திருக்கிறோம், நீங்கள் மேடையில் உட்கார வேண்டும், சார் அப்படிச் சொன்னார் என்றார்கள். என் வீட்டுக்காரரின் பங்கை வாங்கிக்கொள்ளப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டுதான் சரி என்றேன். பட்டு கட்டவில்லை. வெள்ளையில் கரை போட்ட சேலை ஒன்றை எடுத்துக் கஞ்சி போட்டு வைத்தேன்.

திண்டிவனத்தில் அந்த ஹாலில் பிள்ளைகள் நிறைந்து இருந்தார்கள். மேடையில் முதலில் ஒரு வேடிக்கை காட்டினார்கள். ஒரு வெள்ளைப் பெட்டியில் கறுப்பாக வில்லை மாதிரி ஒன்று. அதன் மேல் எதையோ ஊற்றினார்கள், புகை பொங்கி மேஜையிலிருந்து வழிந்தது. பிறகு ஒரு சின்ன காந்தத் துண்டை இடுக்கியால் பிடித்து அதன் மேலே கொண்டு போய் விட்டார்கள். விழவில்லை. வில்லையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. ஒரு பெண் அதை விரலால் சுண்டினாள், நின்ற இடத்திலேயே சுற்றியது. பிள்ளைகள் எல்லாம் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். இத்தனை வருஷம் காதால் கேட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். புகை அடங்க அடங்க அது மெல்லத் தாழ்ந்து, வில்லையின் மேல் சாய்ந்து படுத்துவிட்டது. தம்பி அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக் பிடித்தவர் என்னை, இந்த மேதையைப் பெற்றெடுத்த தாய் என்று சொல்லிவிட்டார். ஹாலில் கை தட்டினார்கள். தம்பி எழுந்து, அம்மா இல்லைங்க, எங்கக்கா என்றான். மறுபடி கை தட்டினார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அவன் பேசினான். தமிழில்தான் பேசினான். அக்கா வீட்டுச் சோற்றைச் சொன்னான், காயில் கட்டுகிற கடையைச் சொன்னான், மாமாவின் சைக்கிளைச் சொன்னான். வராத கரண்ட் என்று அவர் சொன்னதைச் சொல்லும்போது ஹாலே சிரித்தது, எனக்கும் உதடு பிரிந்துவிட்டது. இனிமேல் அந்த நாளைச் சொல்வான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் நம்பாததைச் சொன்னான். மறுபடி மறுபடி அளந்ததைச் சொன்னான். நன்றி, வணக்கம் என்று உட்கார்ந்துவிட்டான். அந்த நாளைச் சொல்லவே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சைக்கிளைச் சொல்கிறவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லையா? வாங்கினதை மறைக்கிறானா?

பெரிய மகன் அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை. காரில் அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால். மருமகள் இலை போட்டாள். மகன்கள் இரண்டு பேரும் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். முதல் சோறு போட்டதும் நான் அவன் எதிரில் போய் நின்றேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அன்னைக்கு எடுத்த அளவுக்குத்தானே இந்த விருது? அத ஏன் மேடையில சொல்லல?"

அவனுக்குப் புரியவில்லை. சின்ன மகன்தான், அப்பா இறந்த அன்னைக்கு என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தான். தம்பி கையை இலையிலிருந்து எடுத்தான். என்னைப் பார்த்தான், பிறகு பெரியவனைப் பார்த்தான். ஊரில் நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது போல இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் சாப்பிட்டிருக்கலாம். என் மகன்கள் இரண்டு பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"இல்லக்கா" என்றான். "அன்னைக்கு ஒண்ணும் கெடைக்கல."

பாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்திருக்கிறது. ஊற்றின ஹீலியம் நினைத்ததைவிடச் சீக்கிரம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் மிச்சத்திலாவது அளந்துவிடலாம் என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த அறைக்குள்ளே போன் கொண்டு போகக் கூடாதாம், வெளியே அணைத்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். கடைசியில் எல்லாம் தீர்ந்து, ஒரு அளவும் எடுக்காமல்தான் விமானம் ஏறியிருக்கிறான். உலகம் ஒப்புக்கொண்ட அளவு, அதற்கப்புறம் வேறொரு முறை வந்தபோது எடுத்தது. அது ஒரு சாதாரண நாள்தானாம், மத்தியானமே வேலை முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்களாம்.

"அப்போ அவரு காத்துக்கினு கெடந்தது?" என்று கேட்டேன்.

"சும்மாதான்கா" என்றான்.

மருமகள் கையில் குழம்புக் கரண்டியோடு நின்றாள். நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு தெரியாமல் போன முகம், இத்தனை வருஷமும் நான் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தேன், ஒரு மரியாதை வைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு ஓட்டைக்காக வெயிலில் கிடந்தார். தம்பியும் சாப்பிடவில்லை. அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லவா என்று பல தடவை போன் எடுத்ததாகச் சொன்னான். சொன்னால் மாமா சும்மாதான் காத்துக் கிடந்தார் என்று ஆகிவிடுமே என்று வைத்துவிட்டானாம். மாமாவுக்குத்தான் செய்ய முடியவில்லை, உனக்காவது நான் இருப்பேன்கா, ரிடையர் ஆகிவிட்டேன், இனிமேல் ஊற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்றான்.

என் சாவைத்தான் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அப்படிப் பேசாதே என்று சொல்லவில்லை. என் வயசு அப்படி.

நான் மகன்களைப் பார்த்துத்தான் சொன்னேன். "என்ன எடுக்கும்போது யாருக்காகவும் நிறுத்தி வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டி வேணாம். உங்க மாமன் வந்தா கோடி போடட்டும். வரலன்னா கோடி இல்லாமலே எடுங்க. வேற யாரும் போடக் கூடாது."

பெரியவன், ஊரு ஒத்துக்காதும்மா, கோடி இல்லாம எடுத்தா அசிங்கம் என்றான். அது என் அசிங்கம், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தோள் ஆடியது. நான் அவனைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அழக் கூடாது, சாப்பிடு என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்டான். சாயங்காலம் சின்னவன் அவனை விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்தான்.

இப்போது போன் பண்ணுகிறான், நான் எடுக்கிறேன். சாப்பிட்டியா என்று அவன் கேட்பான், நான் கேட்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வருவதில்லை. ஊரில் அந்தக் கதையை நான் இப்போது சொல்வதில்லை. மற்றவர்கள் சொன்னால் எழுந்து வந்துவிடுகிறேன்.

வேற யாரும் போடக் கூடாது என்று நான் சொன்னது எப்படியோ கெடாருக்குப் போய்விட்டது. பெரியப்பா மகன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆடிக்குக் கூழ் ஊற்ற அழைத்தோம், வரவில்லை. பெரியவன் நேரில் போனபோது, உங்கம்மாவுக்குத்தான் தம்பி கெடைச்சிட்டானே என்றாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம். நடக்க முடியாமல் கோல் ஊன்றிக்கொண்டுதான் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். அந்த வெயிலில் என் எதிரில் வந்து குந்தினவர், யாரும் வராதபோது கோடி போட்டவர் அவர்தான். அவருக்கு நான் என்ன சொல்லி அனுப்புவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.